நிக்கல் பூசிய கைத்துப்பாக்கி

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைனிக்புரியில் நம்மில் யாராவது ஒருவர் வீட்டு கார் ஷெட்டில் கூடுகிறோம். மேசையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அவரவர் கொண்டுவந்த காற்றுக் கைத்துப்பாக்கிகளை வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறோம். சில வருடங்களாக மதிப்புச் சொல்லும் வேலையை நீங்கள் என்னிடமே விட்டுவிட்டீர்கள். நான் கறார் என்று உங்களுக்குள் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும். திருகாணித் தலை சிதைந்திருந்தால் குறைப்பேன். பிடியில் உள்ள பேக்கலைட் தகடு வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்திருந்தால் குறைப்பேன். இரும்பின் மேல் இருக்கும் பழைய கருநீல மெருகை எடுத்துவிட்டுப் புதிதாக எதையாவது பூசியிருந்தால் பேச்சே இல்லை, தள்ளி வைத்துவிடுவேன்.

போன மாதக் கூட்டம் என் வீட்டில் நடந்தது. நம் பல் டாக்டர் என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "மேடம், இதையே நாங்க கொண்டுவந்திருந்தா வெளியில தூக்கிப் போட்டிருப்பீங்க. உங்க வீட்டுல மட்டும் சாமி மாதிரி நடுவுல உக்கார வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். அவர் காட்டியது முதல் தட்டில் இருக்கும், டிபன் கேரியர் போலப் பளபளக்கும் நிக்கல் பூசிய துப்பாக்கியை. சொன்னால் நீளும், எழுதித் தருகிறேன் என்றேன். இது அந்த பதில்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவள் நான். ஆனால் இது அதற்கு முந்தையது. ஆகவே சில இடங்கள் எனக்கு நிச்சயம், சில இடங்கள் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே சொல்வேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. போலாரத்தில் பட்டாளத்துக் குடியிருப்புக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். அப்பா வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் ஸ்டோர்ஸ் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, அங்கேயே ஒரு டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தார். அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவன். இன்டர் பரீட்சையில் தவறிவிட்டு, மறுபடி எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு, மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான்.

மழை விட்டுக் கூடைகளில் சீத்தாப்பழம் வரத் தொடங்கியிருந்தது. தெருமுனைப் பங்களாவில் இருந்த ஆங்கிலோ இந்திய அம்மாள் மகனோடு ஆஸ்திரேலியா போவதாக முடிவாகி, வீட்டுச் சாமான்களை வராந்தாவில் பரப்பி விற்றார். போலாரத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று பங்களா இப்படிக் காலியாகும். 'சேல்' என்று பேச்சுக் கிளம்பினால் போதும், அம்மாக்கள் பையோடு புறப்பட்டுவிடுவார்கள். எங்கள் அம்மாவுக்குக் கம்பிவலை போட்ட சாப்பாட்டு அலமாரி மேல் கண். அதைத் தூக்கிவர அண்ணனும், சும்மா நானும் போனோம்.

அம்மா அலமாரிக்கு பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, முட்டை அடிக்கும் கருவிக்கும் கிராமபோன் ஊசி டப்பாவுக்கும் நடுவில் அதைப் பார்த்தேன். கருப்பு என்று சொல்ல முடியாத ஒரு கருப்பு. வெயில் பட்ட இடத்தில் மயில் கழுத்துபோல நீலம் ஓடியது. கையில் எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம்.

"ஏ பேபி, அது டாய் இல்லே," என்றார் அந்த அம்மாள். அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும்.

"இது வேலை செய்யுமா ஆன்ட்டி?"

"அது வேலை செய்யும். நீ செய்வியா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். உங்களுக்குத் தெரிந்த மாடல்தான் அது. குழல் மேலே தனியாகப் படுத்திருக்கும். பின்முனையில் இருக்கும் கொக்கியை விடுவித்து, குழலைத் தூக்கி முன்பக்கம் அரைவட்டமாக மடக்கினால்தான் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி நிற்கும். முதலில் அண்ணன் வாங்கிப் பார்த்தான். பாதி போனதும் குழல் திமிறிக்கொண்டு திரும்பி அவன் கட்டைவிரலைக் கடித்தது. "மேரேகு நக்கோ அம்மா இது," என்று, எனக்கு வேண்டாம் என்பதைத் தெரு உருதுவில் சொல்லி, விரலைச் சப்பிக்கொண்டு விலகிவிட்டான்.

நான் தரையில் உட்கார்ந்தேன். பிடியைத் தொடையில் முட்டுக்கொடுத்து, காலை வராந்தாத் தூணில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தேன். திரும்பி வந்தது. மறுபடி இழுத்தேன். உள்ளங்கைத் தோல் கிள்ளுப்பட்டு ரத்தம் கசிந்தது. அம்மா பேரத்தை முடித்துவிட்டு வந்து, "வுட்டுட்டு வா பாப்பா, நேரமாவுது," என்றாள். நான் விடவில்லை. அலமாரியைத் தூக்க வந்த கூலி ஆள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். எத்தனையாவது தடவை என்று நினைவில்லை. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. குழல் திமிறாமல் நின்றது.

அந்த அம்மாள் என் கையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இது பேபிக்கு. மேன், உன் பையனுக்கு இல்லே. உன் ஹஸ்பண்டுக்கு இல்லே. பேபிக்கு," என்றார். ஆணோ பெண்ணோ, எல்லோருமே அவருக்கு 'மேன்'தான். இந்த இடம் எனக்கு நிச்சயம். 'உன் ஹஸ்பண்டுக்கு இல்லே' என்று அவர் சொன்னதில் அம்மா முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அட்டைப்பெட்டியோடு கொடுத்தார். செங்கல் நிறம், மூலை கிழிந்து நூலால் கட்டியது. மூடியில் தொப்பிக்காரர் ஒருவர் கையை நீட்டிக் குறிபார்க்கும் படம். உள்ளே வட்டம் போட்ட குறித்தாள்கள் கொஞ்சம், மடித்து மடித்துக் கிழிந்த விளக்கத்தாள் ஒன்று, ஒரு சின்னத் தகர டப்பா. டப்பாவில் ஈயச் சர்ரா, நடுவில் இடுப்புச் சிறுத்த குட்டிக் குண்டுகள். பழைய எண்ணெயும் நாப்தலினும் கலந்த வாசனை. இன்றும் சில பெட்டிகளைத் திறக்கும்போது நான் முதலில் முகர்ந்து பார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அம்மா நிபந்தனை போட்டாள். பின்பக்கச் சுவரோரம் மணல் மூட்டைகளை அடுக்கி, அதைப் பார்த்து மட்டும்தான் சுட வேண்டும். காக்கா, குருவி, ஓணான் எதையும் பார்த்து நீட்டக் கூடாது. யாராவது கொல்லைப்பக்கம் வந்தால் கீழே வைத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். புதுச் சட்டைக்குள் வரும் அட்டையில் கரிக்கட்டியால் வட்டம் போட்டு மூட்டைமேல் குத்திவைப்பேன். முதல் நாட்களில் மூட்டைக்கே படவில்லை. ஒருநாள் தையல் மெஷின் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டேன். சுட்டதும் படார் என்று வெடித்து, குழலிலிருந்து புகை வந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்து, "தீபாவளிக்கு இன்னும் நாளு கிடக்குது, அதுக்குள்ள இன்னாடி வெடி?" என்றாள். காற்றறைக்குள் எண்ணெய் போனால் அழுத்தத்தில் அது பற்றிக்கொள்ளும் என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருடம் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது இடது பக்கத்து எழுத்துகள். செய்த ஊர், காப்புரிமை எண்கள், பிடிக்கு மேலே தனியாக ஒரு வரிசை எண். இரும்பில் அழுத்தமாகக் குத்தியிருந்தார்கள். ராத்திரிப் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை நகத்தால் படிப்பேன். எட்டும் மூன்றும் மட்டும் குழப்பும்.

சைனிக்புரியில் ஒரு கர்னல் இருந்தார். ஓய்வு பெற்றவர், மெட்ராஸ்காரர். அப்பா சர்வீஸில் இருந்தபோது கொஞ்ச நாள் அவருக்குக் கீழே வேலை செய்திருந்தார். அவருடைய நண்பர் ஒருவர் நடத்திய தொழிற்சாலையில் வருடா வருடம் சில பையன்களை அப்ரண்டிஸாக எடுப்பார்கள். கர்னல் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணனுக்கு இடம் கிடைக்கும். இது ஊரறிந்தது. கர்னல் பழைய காற்றுத் துப்பாக்கி சேர்க்கிறவர் என்பதை டிப்போவில் யாரோ அப்பாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"பாப்பா, அந்தத் துப்பாக்கிய கர்னல் சாருக்குக் குடுத்துடலாம்."

"இன்னாத்துக்கு?"

"அண்ணனுக்கு ஒரு வழி பொறக்கும். வெறுங்கையோட போயி நிக்கக் கூடாது."

"சீத்தாப்பழம் வாங்கிப் போங்க."

அண்ணன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. "அது வூட்டுக்கு வந்த பொருள். வூட்டுக்கு எது தேவையோ அதுக்குத்தான் போவணும்."

"எனக்குக் குடுத்தாங்க. அம்மாவக் கேளுங்க."

அம்மா சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். உருண்டையைத் தட்டி வைத்துவிட்டு, "குடுத்தது ஒனக்குத்தான்," என்றாள். அப்பா முகம் மாறியதும், "ஆனா அண்ணன் பொழப்புடி," என்று சேர்த்துக்கொண்டாள். நான் எழுந்து போய்ப் பெட்டியை என் புத்தகப் பைக்குள் வைத்து, பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன். அவர்கள் அதை ஒரு சின்னப் பிள்ளையின் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபமே இல்லை. கொடுக்கப்போவதில்லை, அவ்வளவுதான்.

இனி நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம்.

அப்பா பட்டாளத்துக்காரர். ஒரு பொருளுக்கு மரியாதை செய்வது என்றால் அவருக்கு ஒரே வழிதான், அது பளபளக்க வேண்டும். பெல்ட் பக்கிள், பூட்ஸ், தொப்பிச் சின்னம், வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் அவர் கையில் மின்னும். கர்னலுக்குத் தரப்போகும் பொருள் மங்கலாக, ஆங்காங்கே பழுப்பு ஏறி இருந்தது அவருக்கு அவமானமாகப் பட்டது. பித்தளைப் பாலிஷ் எடுத்துத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கருநீலம் துணியில் வந்ததே தவிர மினுக்கம் வரவில்லை. அப்போது வந்து சேர்ந்தார் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எந்தப் பொருளையும் இருந்தபடி விட மாட்டார். எங்கள் வீட்டு சைக்கிளுக்கு ரயில் பெட்டியில் இருப்பது மாதிரி கைப்பிடி வைத்தவர். "இது பாலிஷுக்கெல்லாம் மசியாது மச்சான். ராணிகஞ்சுல நமக்குத் தெரிஞ்ச பாலிஷ் பட்டறை இருக்குது. பஃப் சக்கரத்துல வழவழன்னு தேய்ச்சு, நிக்கல் ஏத்திக் குடுப்பான். சாமி வாகனம் மாதிரி இருக்கும்," என்றார். ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. பூஜையில் வைத்துவிட்டு அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாமல் வீட்டில் விட்டுப் போயிருந்தேன், அப்போது எடுத்துப் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள். மாமா கையோடு ஒரு தேக்குப் பெட்டியும் செய்து வந்திருந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட், அதன் நடுவில் துப்பாக்கி. வீட்டுக்குள் ஒரு கண்ணாடித் துண்டு வந்தாற்போல் சுவரில் வெளிச்சம் ஓடியது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். "வெள்ளியா?" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். அண்ணன் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "ஹவ், மூஞ்சி தெரியுது பார்!" என்று தலைவாரிக்கொண்டான். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடி இடது பக்கம் நகத்தை ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. கண்ணைத் திறந்து பார்த்தேன். கரைந்த சோப்புக் கட்டியில் தெரிகிற மாதிரி நிழலாகச் சில எழுத்துகள். வரிசை எண் இருந்த இடம் வெறும் மினுக்கம்.

"நம்பர் எங்க?" என்றேன்.

"நம்பரா? அதெல்லாம் மேடு பள்ளமா அசிங்கமா இருந்துச்சு பாப்பா. சமம் பண்ணிட்டான்," என்றார் மாமா.

"பழைய பெட்டி?"

அம்மா பதில் சொன்னாள். "அந்தக் கிழிஞ்ச அட்டையா? காத்தால வெந்நீர் அடுப்புல போட்டேன்."

அந்த மாடலின் அட்டைப்பெட்டி, விளக்கத்தாளோடு, இன்று ஒன்று கிடைத்தால் நம்மில் யார் யார் சண்டைக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. கிழிந்தது எரியும். எரிந்தது.

பூஜையில் அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தார்கள். நான் கும்பிடவில்லை. மறுநாள் பின்பக்கம் எடுத்துப்போய், குழலை மடக்கி, சர்ரா போட்டுச் சுட்டுப் பார்த்தேன். கரிவட்டத்தின் ஓரத்தில் பட்டது. முன்பு பட்ட அதே இடம். உள்ளே எதுவும் மாறவில்லை என்று தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் சுட்டேன்.

கர்னல் வீட்டுக்குப் போகும் அன்று, "பெட்டியை நான்தான் தூக்கிட்டு வருவேன்," என்று ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். சின்னப் பெண் கையால் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார். இது ஊகம். அப்பா, நடுவில் நான், பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் அண்ணன். கௌகூர், யாப்ரால் வழியாகப் போனோம். பாறைகளுக்கு நடுவே ரோடு. பெட்டி மடியில் குதித்துக்கொண்டே வந்தது.

கர்னலின் அறையை நான் அப்படியே சொல்ல முடியும். ஜன்னல் திரை பாதி மூடியிருந்தது. கண்ணாடி அலமாரியில் பச்சைக் கம்பளித் துணி விரித்து, அதன்மேல் ஒரே பக்கமாகப் படுக்க வைத்த துப்பாக்கிகள். சிலவற்றை அழகான தோல் உறைக்குள் வைத்திருந்தார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வருடங்கள் கழித்து அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பு மதிப்புக்காக என்னிடமே வந்தது. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். கம்பளியில் பட்டிருந்த பக்கம் எல்லாம் துரு. தோல் உறைக்குள் இருந்தவை இன்னும் மோசம், தோலைப் பதப்படுத்திய உப்பு இரும்பைத் தின்றிருந்தது. அவரும் தனக்குத் தெரிந்த மரியாதையைத்தான் செய்திருந்தார்.

அன்று அவர் எங்களை உட்காரச் சொன்னார். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கர்னலின் மனைவி டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் போனார். என் மடியில் இருந்த பெட்டியை அப்பா திறந்து காட்டினார். கர்னல் முன்னால் குனிந்தார். எடுத்தார். சாய்த்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று பார்த்தார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"யார் பண்ணினது இது?"

"நானே ஏற்பாடு பண்ணேன் சார். ஃபுல் நிக்கல்."

கர்னல் இடது பக்கத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். "ஹவில்தார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவைதான் இது புதுசா இருந்திருக்க முடியும். அந்தப் புதுசைத்தான் நீங்க தேய்ச்சு எடுத்துட்டீங்க. நம்பர் இல்லே, எழுத்து இல்லே, கலர் இல்லே. சேர்க்கறவங்க யாரும் இதைத் தொட மாட்டாங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது காது சிவந்தது. "சர்வீஸ் பூரா பாலிஷ் போடலன்னாதான் சார் திட்டு வாங்கியிருக்கேன்," என்றார்.

"நானே திட்டியிருப்பேன்," என்று கர்னல் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. அப்பாவும் சிரிக்க முயன்றார்.

பிறகு கர்னல் துப்பாக்கியை மடக்கிப் பார்த்தார், காதருகே வைத்துக் கேட்டார். "உள்ளே எல்லாம் நல்லா இருக்கு. என்கிட்ட இதே மாடல் ஒண்ணு இருக்கு. ட்ரிக்கர் கொக்கி தேஞ்சு நிக்கவே மாட்டேங்கறது. இதைப் பிரிச்சா அதைக் காப்பாத்திடலாம். சரி, வச்சுட்டுப் போங்க. பையனைத் திங்கட்கிழமை ஃபேக்டரிக்கு அனுப்புங்க, நான் சொல்லி வைக்கறேன்."

காரியம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பா எழுந்து நன்றி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. கர்னல் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டி என் மடியில் இருந்தது. நான் மூடியைச் சாத்தி இரண்டு கையையும் மேலே வைத்துக்கொண்டேன்.

"பிரிச்சீங்கன்னா மிச்சம் சார்?" என்று கேட்டார் அப்பா.

"மிச்சமா? டப்பாவுல கிடக்கும். என்னிக்காவது ஒரு ஸ்க்ரூ வேண்டியிருக்கும்."

அப்பா என் பக்கம் கையை நீட்டினார். "குடு பாப்பா."

"மாட்டேன்."

"பாப்பா."

"எனக்குக் குடுத்தது. நான்தான் மடக்கினேன். நான் தெனம் சுடறேன். நல்லாத்தான் இருக்குது அது. குடுக்க மாட்டேன்."

அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. அண்ணன் பிஸ்கட்டைக் கடித்தபடி அசையாமல் இருந்தான். பெரியவர்கள் முன்னால் இப்படிப் பேசினால் எங்கள் வீட்டில் அறை விழும். அதற்காக நான் கன்னத்தை இறுக்கிக்கொண்டது நிச்சயமாக நினைவிருக்கிறது.

கர்னல் நாற்காலியில் சாய்ந்தார். முதலில் வேடிக்கையாகப் பார்த்தார், பிறகு அது போய்விட்டது. "இது யாரோட பொருள் ஹவில்தார்?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். கீழே தன் பூட்ஸைப் பார்த்தார். அவர் ஆயுளில் ஒரு ஆபீஸர் முன்னால் 'எஸ் சார்' தவிர வேறு சொன்னதாக எனக்குத் தெரியாது.

"அவளோடது சார்."

"அப்போ அவகிட்டதான் கேக்கணும்," என்றார் கர்னல். என் பக்கம் திரும்பி, பெரியவர்களிடம் கேட்பதுபோலவே கேட்டார். "மிஸ், தருவீங்களா?"

"மாட்டேன் அங்கிள்."

தலையை ஆட்டினார். டீயைக் குடிக்கச் சொன்னார். திங்கட்கிழமை என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை. டீ குடித்து முடித்ததும் அப்பா எழுந்து, விறைப்பாக நின்று, "உத்தரவு வாங்கிக்கறேன் சார்," என்றார்.

'அவளோடது' என்று அப்பா ஏன் சொன்னார் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். ஆசையாகச் செய்த வேலையை ஒருவர் பாழ் என்று சொன்ன ரோஷமாக இருக்கலாம். அது டப்பாவில் கிடக்கும் என்று கேட்டது பொறுக்காமல் இருக்கலாம். பங்களா அம்மாள் சொன்னதை அம்மா அவரிடம் முழுதாகச் சொல்லியிருக்கலாம். அவரிடம் கேட்கவில்லை. எழுத்து தேய்ந்த இடத்தில் என்ன எழுத்து இருந்தது என்று நான் ஊகித்து எழுதுவதில்லை, உங்களுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அண்ணன் போகவில்லை. போயிருந்தால் கர்னல் உதவியிருப்பார் என்று இன்று நினைக்கிறேன். கொடுத்தால்தான் செய்வேன் என்கிற ஆள் இல்லை அவர். பொருள் கொடுக்காமல் உதவி கேட்கக் கூடாது என்பது அப்பாவின் நியாயம். அண்ணன் அதற்குப் பிறகு சில வருடம் அலைந்தான். கோடவுனில் எடை போட்டான், பஸ் பாஸ் எழுதினான், கடைசியில் தானாகவே ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து நன்றாக வந்தான். அந்தச் சில வருடங்கள் அவனுக்குச் சுலபமாக இல்லை. அதற்கு ஒரு பங்கு அந்த அறையில் நான் சொன்ன 'மாட்டேன்'. தெரிந்துதான் சொல்கிறேன்: இன்று கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

பல் டாக்டருக்கு நேரான பதில் இது. சேகரிப்பவர் கணக்கில் அந்தத் துப்பாக்கிக்கு உதிரிப் பாகங்களின் மதிப்புத்தான். கர்னல் சொன்ன மதிப்பு அன்று சரி, இன்றும் சரி. நீங்கள் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் நான் தள்ளித்தான் வைப்பேன். ஆனால் நீங்கள் அதை என்னிடம் விட்டுவிட்டுப் போகக் கூடாது, போனால் அதுவும் முதல் தட்டில் ஏறிவிடும், அவ்வளவுதான்.

திரும்பும்போது யாப்ரால் தாண்டியதும் அண்ணன் என் தோளுக்கு மேல் குனிந்து, "அந்த ஃபேக்டரியில விடிகாலை ஷிஃப்ட்டாம். தப்பிச்சேன்," என்று காதில் சொன்னான். அவன் குரல் அவ்வளவு லேசாக இல்லை. அப்பாவுக்குக் கேட்டிருக்கும். ஸ்கூட்டர் வேகம் மாறவில்லை.

அம்மா கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், என் மடியில் பெட்டியைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு? சாருக்குப் பிடிக்கலியா?"

அப்பா ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றினார். நான் இறங்கும்வரை ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவரு கேட்டாரு," என்றார். "இவ குடுக்க மாட்டேன்னுட்டா."